கடைசிப் பாட்டில்

மத்தியானம் இரண்டு மணி. சான் ஹுவானிலிருந்து செப்பெஸ் போகிற சாலை. ராத்திரி இல்லை, கவனியுங்கள்... பட்டப்பகல். நம் பக்கத்துப் பேய்க்கு ராத்திரி எதற்கு? சியெஸ்தா போதும். ஊரே கதவடைத்துத் தூங்குகிற அந்த நேரத்தில் சாலையில் நாய்கூட இருக்காது. அப்போது எவனாவது நடந்து போனால் அவன் முகத்தைப் பார்க்காதே என்று சொல்லித்தானே நம்மை எல்லாம் வளர்த்தார்கள்?

அந்த மெழுகுவத்தியைக் கொஞ்சம் இப்படித் தள்ளு. இந்தச் சோண்டாப் புழுதிக்காற்று அடங்குகிற வரைக்கும் கரண்ட் வராது. ஜன்னல் இடுக்கில் ஈரத்துணியைச் செருகியாயிற்றா? சரி. ஒஸ்வால்தோ, கிட்டே வா. டீசல் வண்டி வாங்கிவிட்டுத் தரையில் கால் பாவாமல் திரிகிறாயே, உனக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன்.

இது என் சிநேகிதன் ருபெனின் அக்கா புருஷனுக்கு நடந்தது. பெயர் எல்வியோ. இன்றைக்கும் உயிரோடுதான் இருக்கிறான். பேச்சு மட்டும் குழறும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

எல்வியோவிடம் ஒரு வெள்ளை செடான் இருந்தது. நாலு கதவு, டீசல், ஒரு கல்யாண வீட்டுச் சாமானையே விழுங்கிவிடுகிற டிக்கி. செல்லப் பெயர் குண்டச்சி. “இவளுக்கு ஒரு தடவை வயித்தை நிரப்பினாப் போதும், மாமியார் வீட்டுக்குப் போய்ட்டுத் திரும்பி வந்தாலும் ஏப்பம்தான் விடுவா” என்று கிளப்பில் அளந்துகொண்டே இருப்பான். பெட்ரோல் வண்டிக்காரர்களைப் பார்த்தால் ஐயோ பாவம் என்பான். ஞாயிற்றுக்கிழமை ரொட்டி வாங்க அடுத்த ஊருக்குப் போவான். நீளமாக ஒரு சாலை, மடியில் மாத்தே டீ, பக்கத்தில் பெண்டாட்டி, பின்னால் பிள்ளை. அவனுக்குச் சொர்க்கம் அதுதான்.

கிளப்பும்போது ஒரு சடங்கு உண்டு. சாவியைப் பாதி திருப்புவான். ஆரஞ்சு விளக்கு எரியும். அது அணைகிற வரைக்கும் வண்டிக்குள் யாரும் பேசக் கூடாது. பிறகுதான் முழுசாகத் திருப்புவான். டட டட டட டட...

“பூசை முடிஞ்சுதா? போலாமா?” என்பாள் அவன் பெண்டாட்டி கிராசியேலா.

ஜனவரி மாதம், உச்சக் கோடை. கிராசியேலாவின் அம்மா வீடு செப்பெஸில். வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம் என்றாள் அவள். இவன் கேட்டால்தானே? கிளம்பவே மத்தியானமாகிவிட்டது. பாதி வழியில் சூடு காட்டுகிற முள் சிவப்புக்கு ஏறியது. வெந்த ரப்பர் வாசனை... முன்னாலிருந்து ஆவி. ஓரங்கட்டினான்.

நல்ல வேளை, நூறு அடியில் டிஃபுண்டா அம்மாவின் கோயில். குன்றின் மேல் இருக்கிற பெரிய கோயில் இல்லை. லாரிக்காரர்கள் செங்கல் வைத்துக் கட்டின சின்னக் கூடு. தாகத்தில் செத்தும் மார்பில் பால் வற்றாமல் பிள்ளையைக் காப்பாற்றினவள் அவள். தண்ணீர்தானே அவளுக்குக் காணிக்கை? பாட்டில் பாட்டிலாக வரிசை கட்டி நின்றது.

ஆபத்துக்கு அதை எடுக்கலாம், பாவமில்லை. அவளே கொடுப்பதாகத்தான் கணக்கு. எடுத்ததைத் திரும்ப வைக்க வேண்டும். ஆனால் கடைசிப் பாட்டிலை மட்டும் தொடக் கூடாது. அது அடுத்து வருகிறவனுக்கு.

எல்வியோ எஞ்சினை அணைக்கவில்லை. சூடேறின எஞ்சினை ஓடவிட்டே, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்ற வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எல்லாம் ரேடியேட்டருக்குள் போயிற்று. முள் இறங்கியது. ஒரே ஒரு பாட்டில் மிச்சம்.

அதையும் எடுத்தான்.

மடியில் குழந்தை ரோமினாவோடு கிராசியேலா எட்டிப் பார்த்தாள். “அதான் சரியாயிடுச்சே. அந்த ஒண்ணை விட்டுடு.”

“கண்ணாடியப் பாரு. வெட்டுக்கிளியா அப்பிக் கெடக்கு. ரோடே தெரியல.”

“எல்வியோ, அது அம்மாவோட தண்ணி.”

“அட, திரும்பி வர்றப்ப ரெண்டு மடங்கா அடுக்கிடறேன் போ. அம்மா கோச்சுக்க மாட்டா.”

விசிலடித்துக்கொண்டே முன்கண்ணாடியைக் கழுவினான். கழுவிவிட்டு ஒழுங்கு வேறு பார்த்தான். காலிப் பாட்டில்களுக்கெல்லாம் மூடி திருகி, முன்னே இருந்த மாதிரியே வரிசையாக நிறுத்தினான். தூரத்திலிருந்து பார்த்தால் நிறைந்த பாட்டில் மாதிரியே இருந்தன.

திரும்பி வரும்போது என்ன செய்தான் தெரியுமா? “வந்த வழியே போறதுல என்ன ருசி? வடக்கால சுத்திப் போவோம், மலை ஓரமா ஜோரா இருக்கும்.” கிராசியேலா கேட்டாள், “தண்ணி?” “அடுத்த தடவை.” குண்டச்சி அன்றைக்கு வெண்ணெயாக ஓடினாள். வழி முழுக்கப் பாட்டு.

ஊருக்கு வந்து, பம்பில் டீசல் போடுகிற இடத்தில் அந்தச் செய்தி. பம்புக்காரன் சொன்னான். தொன் நிகாசியோ செத்துப்போனார். செப்பெஸ் சாலைப் பக்கம் ஆடு மேய்க்கிற கிழவர். மொபெட் நடுவழியில் நின்றுவிட்டது. மனிதர் பயப்படவில்லை. டிஃபுண்டா கோயில் இருக்கிறது, தண்ணீர் இருக்கும் என்று நடந்திருக்கிறார். அந்த வெயிலில், அந்த வயதில். கோயில் வரைக்கும் போய்ச் சேர்ந்தும் விட்டார்.

“ஒவ்வொரு பாட்டிலா திருகிப் பாத்திருக்காரு பாவம். மூடியெல்லாம் அவரு மடியில இருந்துச்சாம்” என்றான் பம்புக்காரன். “எந்தப் பாவி எடுத்தானோ... எடுத்தான், சரி. ஒண்ணைக்கூடவா விட்டுவைக்கல?”

டேங்க் நிறைந்து, டீசல் எல்வியோவின் செருப்பில் வழிந்துகொண்டிருந்தது. அவனுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தான். கிராசியேலா ரேடியோவில் கேட்டிருந்தாள். சாப்பாட்டு மேசையில் அவன் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அந்த டம்ளரைத்தான் தாங்க முடியவில்லை. கொன்றுவிட்டேன், கொன்றுவிட்டேன்... கண்ணாடி துடைக்க ஒரு மனிதனைக் கொன்றுவிட்டேன்.

அடுத்த வாரமே கிளம்பினான். டிக்கி நிறையப் பாட்டில், கடையில் வாங்கினது, சீல் உடைக்காதது. தனியாகப் போனான். கோயில் முன்னால் நிறுத்தி, டிக்கியைத் திறந்தான்.

எல்லாம் காலி.

ஒழுகியிருக்கும் என்கிறாயா ஒஸ்வால்தோ? டிக்கியில் பொட்டு ஈரமில்லை. சீல் ஒன்றுகூட உடையவில்லை.

இன்னொரு தடவை போனான். இந்தத் தடவை பின் சீட்டில், கண் முன்னால் வைத்துக்கொண்டான். பாதி வழியில் வாசனை வந்தது. ஆட்டு வாசனை... வெயிலில் வெந்த புதர் வாசனை... அப்புறம் எஞ்சின் சத்தத்துக்கு நடுவே, பின்னாலிருந்து, ஒரு தொண்டை விழுங்குகிற சத்தம்.

மொடக்... மொடக்... மொடக்...

கண்ணாடியில் பார்த்தான். யாருமில்லை. சீட் மட்டும், ஆள் உட்கார்ந்த மாதிரி அழுந்தியிருந்தது.

அதற்குப் பிறகு அந்த வண்டிக்குள் தண்ணீர் நிற்கவில்லை. மாத்தே போட எடுத்துப்போகிற பிளாஸ்க் காலி. ரேடியேட்டர்கூட வறண்டு கிடந்தது. ஆனாலும் முள் ஏறவில்லை. குண்டச்சி தண்ணீர் இல்லாமலே ஓடினாள்.

ஒன்று மட்டும் எப்போதும் நிறைந்தே இருந்தது. ரோமினாவின் புட்டி. மூன்று வயசுக் குழந்தை, வாத்துப் படம் போட்ட சின்னப் புட்டி. குடும்பத்தோடு போன ஒரு நாள் அதைக் கவனித்தான். மற்றதெல்லாம் வறண்டு போயிற்று, பிள்ளையின் தண்ணீரை மட்டும் கிழவர் தொடவில்லை.

இங்கேதான் அவன் புத்தி கெட்டது. புட்டியை மட்டும் எடுத்துப்போய்ப் பார்த்தான், அதுவும் காலியானது. பிள்ளையும் கூட இருந்தால்தான்... புரிகிறதா? தூக்கம் போய், சோறு போய், ஆள் பாதியாகிவிட்டான். ஒரே ஒரு வாய்த் தண்ணீரை அந்தக் கோயிலில் வைத்துவிட்டால் போதும் என்று தவித்தான். அந்தத் தவிப்பில், கிராசியேலா சியெஸ்தாவில் அசந்து தூங்குகிற நேரம் பார்த்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டான்.

“எங்கப்பா போறோம்?”

“ஐஸ்கிரீம் சாப்பிடப் போறோம்டா கண்ணு.”

பிள்ளையிடம் பொய். ஆரஞ்சு விளக்கு அணைந்தது. டட டட டட...

வழியெல்லாம் பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ரோமினா மட்டும் யாரிடமோ தன் பொம்மையைக் காட்டிக்கொண்டு வந்தாள்.

கோயில் வந்தது. எஞ்சினை ஓடவிட்டே இறங்கினான். புட்டி நிறைய இருந்தது! அங்கே இருந்த ஒரு காலிப் பாட்டிலில் ஊற்றினான். மூடி போட்டான். மண்டியிட்டான். “தொன் நிகாசியோ... உங்க தண்ணி. என்னை மன்னிச்சிடுங்க” என்று விக்கி விக்கி அழுதான்.

டட டட டட... டட...

எஞ்சின் நின்றது.

ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினான். ஆரஞ்சு விளக்கு எரியவில்லை. மறுபடி... எரியவில்லை. அத்தனை நாளாக ஏறாத முள் சிவப்பின் கடைசியில் நின்றது. சுற்றிலும் வெயில். காற்றுகூட இல்லை.

“அப்பா, தண்ணி” என்றாள் ரோமினா.

புட்டி காலி. இருப்பதெல்லாம் அவன் செத்தவருக்குக் கொடுத்த தண்ணீர். கொடுத்ததை எப்படி எடுப்பது? தலையில் அடித்துக்கொண்டான்.

“அப்பா... தண்ணிப்பா.”

எடுத்தே விட்டான். பிள்ளை அல்லவா? பாட்டில் கையில் காற்றாக லேசாக இருந்தது. போட்ட மூடி போட்டபடி. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

அவன் பிடரிக்குப் பக்கத்தில்... மொடக்.

குழந்தையைக் கோயில் நிழலில் உட்காரவைத்தான். “எந்திரிக்கக் கூடாது, அப்பா இதோ வந்துடுவேன்” என்று சொல்லிவிட்டு, ஏதாவது லாரி வருகிறதா பார்க்க வளைவு வரைக்கும் ஓடினான். ஓடினது அவனுக்கு நினைவிருக்கிறது. அதற்குமேல் இல்லை.

கிராசியேலா எழுந்து பார்த்தாள். குழந்தையும் இல்லை, வண்டியும் இல்லை. தம்பி ருபெனுக்குப் போன் போட்டு, “கோயிலுக்குத்தான்டா போயிருப்பான், ஓடுடா” என்று கத்தினாள். ருபென் தன் வண்டியை விரட்டிக்கொண்டு போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வெயில் போய்க் குளிர ஆரம்பித்திருந்தது. வளைவில் எல்வியோ கிடந்தான். உதடு வெடித்து, நாக்கு தடித்து... உயிர் இருந்தது. ருபெனிடம் குடிக்க ஒன்றுமில்லை, கிளம்பின அவசரம். “பாப்பா... பாப்பா...” என்று எல்வியோவின் வாய் அசைந்தது. அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் பறந்தான் ருபென்.

ரோமினா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். மடி நிறையப் பாட்டில் மூடிகள். அதை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். உதடு ஈரம். கவுனின் முன்பக்கம் தொப்பலாக நனைந்திருந்தது.

“யார் கண்ணு தண்ணி குடுத்தா?”

“தாத்தா. ஆட்டு வாசனைத் தாத்தா.” பிறகு, அப்பாவைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அப்பாவுக்கும் ஒண்ணு வெச்சிருந்தாரு மாமா. கடைசி ஒண்ணு.”

“எங்கடா அது?”

குழந்தை வண்டியைக் காட்டினாள்.

குண்டச்சி மேலெல்லாம் விரல் கனத்துக்குப் புழுதி. வெள்ளை வண்டி என்றே தெரியவில்லை. முன்கண்ணாடி மட்டும் பளிச்சென்று கழுவியிருந்தது. இப்போதுதான் கழுவின மாதிரி, தண்ணீர் இன்னும் வழிந்துகொண்டிருந்தது. சொட்... சொட்... சொட்...

ருபெனின் பிடியிலிருந்து எல்வியோ திமிறிக்கொண்டு போனான். விழுந்து, தவழ்ந்து, பானட்டின் மேல் ஏறிப் படுத்தான். அந்தக் கண்ணாடியில் நாக்கை வைத்தான்.

சுர்ரென்றது. கண்ணாடி அடுப்பில் வைத்த கல்லாகக் கொதித்தது. ஒரு பொட்டு ஈரமில்லை.