ஊசி பொய் சொல்லாது

உக்கார வேண்டாம் தம்பி, நின்னுக்கிட்டே சொல்லுங்க. புகாரை வாபஸ் வாங்கணும், அவ்வளவுதானே? இல்லேன்னா உங்க வேலை போயிடும்னு முதலாளி சொல்லிட்டாராக்கும். எங்க படகே போச்சு. எங்க வீட்டுக்காரர் கால் முறிஞ்சு உள்ள படுத்திருக்கார், மெதுவாப் பேசுங்க.

ஜிபிஎஸ் மாட்ட வந்தன்னிக்கு என்ன சொன்னீங்க? அம்மா, இனிமே காம்பஸை அலமாரியில வச்சுப் பூட்டிடுங்கன்னீங்க. அந்த இளிப்பு எனக்கு மறக்கல. நீங்க படியிறங்கினதுமே அவர்கிட்ட சொன்னேன்: ஊசி பொய் சொல்லாது, ரெண்டும் வேற வேற காட்டினா ஊசியை நம்புங்க.

அப்படித்தான் ஆச்சு. அவர் கடலுக்குப் போன அன்னிக்குக் காலையில கைநீட்டினா கை தெரியாத பனி. உங்க ஜிபிஎஸ் திரை இடது பக்கம் திரும்புன்னுச்சு, ஊசி நேராப் போன்னுச்சு. அவர் என் பேச்சைக் கேட்டார். நேராப் போய்ப் பாறையில மோதினார். திரைதான் குழப்பிடுச்சுன்னு புகார் எழுதினேன். ஆமா, நானேதான் எழுதினேன்.

என்ன காகிதம் அது? திரை காட்டினது சரின்னு பதிவா? மூஞ்சிகிட்ட நீட்டாதீங்க, எனக்குப் படிக்கத் தெரியும்.

காம்பஸா? இதோ, மேஜை மேலதான் இருக்கு. நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே சோதிச்சாச்சு. வடக்கை வடக்குன்னுதான் காட்டுது. படகுல அதுக்குப் பக்கத்துல ஏதாவது இருந்துச்சான்னு கேக்கறீங்களா? பரவாயில்லையே, கொஞ்சம் படிச்சிருக்கீங்க.

இந்த டக் டக் சத்தமா? நான்தான். அவரோட மூக்குக் கண்ணாடி டப்பா. எங்கயாவது தொலைச்சிடறார்னு புதுசு வாங்கி, கண்ணு முன்னாடி இருக்கட்டும்னு அன்னிக்கு நானே படகுல காம்பஸை ஒட்டி வச்சேன். மூடி தானா எப்படிப் போய் ஒட்டிக்குது, பாத்தீங்களா? இப்ப இதை அதுக்குப் பக்கத்துல வைக்கறேன். பேசாம ஊசியைப் பாருங்க.

திரும்பிடுச்சா?

முப்பது வருஷம் காந்தப் பாடம் நடத்தினவ நான், தம்பி. இரும்புத்தூள் தூவி, பசங்க காதைத் திருகி நடத்தினவ.

வாபஸ் கடிதம் அந்தக் கவர்ல இருக்கு. நேத்தே எழுதி ஒட்டிட்டேன். எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. கதவைச் சத்தமில்லாமச் சாத்துங்க. தன் கண்ணுதான் கெட்டுப்போச்சு, ஊசியைத் தப்பாப் படிச்சுட்டேன்னு அவர் டாக்டர்கிட்ட சொல்லிக்கிட்டிருக்கார். அவர்கிட்ட நான் இன்னும் சொல்லல.