பெயர்த்தெடுத்த பெயர்

— செத்துப்போன சின்ன ராஜா பேரைச் சொல்லாதே விட்டாலிஸ். வாயை மூடிக்கிட்டு உளியைப் பிடி.

— சொல்லலையே மாமா. படிச்சேன். உதடு தானா அசைஞ்சிருக்கு.

— அசைஞ்சதுக்குத்தான் ரொட்டிக்கடை ஹிலாருஸை இழுத்துட்டுப் போனாங்க. அவன் பொண்டாட்டி வாசல் வாசலா அலையுறா. கீழே எத்தனை ஈட்டி நிக்குது பாத்தியா?

— எட்டு. ஏன் மாமா, இந்த வெண்கல எழுத்தை அன்னிக்குப் பதிச்சதும் நாமதானே? அப்பா ராஜா பேரு, அவரோட ரெண்டு புள்ளைங்க பேரு. ரோமாபுரிக்கு எவன் வந்தாலும் இந்தத் தோரணவாயிலை அண்ணாந்து பாத்துட்டு, ‘இந்த வம்சத்தை எவனும் அசைக்க முடியாது’ன்னு சொல்லிட்டுத்தானே போனான்?

— இப்ப ஒரு புள்ளைதான். பெரிய ராஜாவுக்குத் தம்பியே பொறக்கலை. புரியுதா?

— அண்ணனே தம்பிய...

— ஐயோ, உன் கால்ல விழறேன். என் மகளை விதவையாக்கிடாதே.

— சரி சரி. ஆனா எழுத்தைப் பேத்தும் ஆணி ஓட்டை நிக்குதே மாமா. ஓட்டையை வெச்சே படிச்சிடலாம்.

— கண்டபடி இன்னும் நாலு ஓட்டை போடு. கல்லையும் ஒரு விரல் ஆழத்துக்குச் செதுக்கி இறக்கு. அதுமேல பெரியவரோட புதுப் பட்டம் வருது.

— உளி வழுக்குது மாமா.

— எனக்கு மட்டும் என்னவாம்? தட்டு... இரு. ஏணி ஆடுது.

— சிவப்புப் போர்வை. காவல் தலைவர் ஏறி வர்றாரு, மாமா!

— நான் பேசிக்கிறேன். நீ குனிஞ்சு நில்லு.

— என்னப்பா, வேலை ஆச்சா?

— ஆச்சுங்க தலைவரே.

— சுத்தமாத்தான் இருக்கு. இங்க முன்னாடி என்ன எழுதியிருந்துச்சு?

— என்னமோ இருந்துச்சுங்க. கோடு போட்டுக் கொடுத்தா வெட்டுவோம். எங்களுக்கு ஏதுங்க படிப்பு?

— இவன்?

— என் மருமகன்தாங்க.

— எனக்கும் ஒரு எழுத்துகூடத் தெரியாதுங்க.

— நல்லதாப் போச்சு. அந்தப் பேரைப் படிச்சு வெச்சிருக்கிறவங்களை எல்லாம் பிடிச்சிட்டு வரச் சொல்லி உத்தரவு. நீங்க தப்பிச்சீங்க.

— நீங்க நல்லா இருக்கணும் தலைவரே.

— ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நாலாவது வரியை எடுங்கன்னு மெழுகுப் பலகையில எழுதி, காலையில உங்களுக்கு அனுப்பினேனே... அதை உங்க ரெண்டு பேர்ல யார் படிச்சது?