இரண்டாவது எண்

விளக்கைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம், முழுக்க அணைக்க வேண்டாம். சின்னவள் என் பக்கம் வந்துவிடட்டும். போர்வை எல்லாருக்கும் எட்டுகிறதா? சரி.

மாலை ஆறேகால். இரவுகூட இல்லை, பாருங்கள். விளக்கு போடலாமா, இன்னும் கொஞ்சம் போகட்டுமா என்று கை யோசிக்கிற நேரம். அந்தத் தெருவில் பதினோரு வீடுகள். ஏழு பூட்டிக் கிடந்தன. கோடியில் பேருந்து நின்று புறப்பட்டால் அந்த உறுமல் கடைசி வீடு வரைக்கும் கேட்கும். கடைசி வீடு டீச்சருடையது.

டீச்சர் என் சிநேகிதியின் நாத்தனார். முப்பத்து மூன்று வருஷம் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். அவருடைய வீட்டுக்காரர் பேருந்து நிலையத்தில் மருந்துக்கடை வைத்திருந்தார். தினம் ஆறேகால் பேருந்தில் திரும்பி, சமையலறைக் கதவு வழியாகத்தான் உள்ளே வருவார். ஒரு நாள் காலையில் வழக்கம்போலக் கடைக்குப் போனார். மத்தியானம் கல்லாவுக்குப் பின்னால், கையில் மாத்திரை அட்டையும் சட்டைப்பையில் பேனாவுமாக, உட்கார்ந்தபடியே போய்விட்டார். அங்கிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சுடுகாடு. காலையில் வீட்டைவிட்டுப் போன மனிதர், பிறகு அந்த வாசலை மிதிக்கவே இல்லை.

டீச்சர் அழவில்லை. பல் டாக்டர் ஊசி போட்டால் கன்னம் இருக்குமே... தொட்டால் யாரோ இன்னொருவர் கன்னத்தைத் தொடுகிற மாதிரி. அவருக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. சாப்பிட்டார், குளித்தார், துணி மடித்தார். அவ்வளவுதான்.

இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் திருட்டு நடந்தது. கடல் தாண்டி இருந்த மகன் போனில் பிடித்துக்கொண்டான்.

"ஒண்ணு அலாரம் வை. இல்லேன்னா வீட்டை வித்துட்டு இங்க வந்துடு. நடுவுல எதுவும் பேசாதே."

"இங்கேயே இருக்கேன்டா."

"அப்ப அலாரம் வை."

வீட்டைவிட்டுப் போக டீச்சருக்கு மனமில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மரத்துப்போன மனதில் அது ஒன்றுதான் உயிரோடு இருந்தது.

அலாரக்காரர் வந்தார். நாற்பது வயது, தொப்பை, நல்ல வாய். சாப்பாட்டு மேசையில் பெட்டிகளைப் பரப்பினார்.

"இது கேமரா. நீங்க தும்மினாகூட உங்க பையன் அங்கேருந்து பார்க்கலாம்."

"வேண்டாம்."

"இது கண்ணு. ரூம்ல எது அசைஞ்சாலும் கத்தும். பூனை இருக்கா?"

"இல்லை."

"இருந்தா இது சரிப்படாது. ஒரு வீட்டுல மாமியாரைப் பாத்துக் கத்திக்கிட்டே இருந்துச்சு. மருமகள் கழட்டவே விடலையே." தானே சிரித்துக்கொண்டார். டீச்சர் சிரிக்கவில்லை. "சரிம்மா. இது காந்தம். கதவு, ஜன்னல்ல ஒட்டுறது. தொறந்தாத்தான் சத்தம் போடும். உள்ளே நடக்கிறதைக் கண்டுக்காது."

"அது போதும். வீட்டுக்குள்ள என்னை எதுவும் பாத்துக்கிட்டு இருக்க வேண்டாம்."

சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் எண் பெட்டியை மாட்டினார். கதவு திறந்தால் முப்பது வினாடி பீப் பீப் என்று கேட்கும். அதற்குள் நாலு எண்ணை அழுத்தினால் அடங்கிவிடும். மூன்று தடவை தப்பாக அழுத்தினால் சைரன். கம்பெனியிலிருந்து போன் வரும். காரணமில்லாமல் மாதத்தில் மூன்று தடவை கத்தினால், மகனுக்கே தகவல் போய்விடும்.

"ஆளுக்கு ஒரு நம்பர் குடுப்போம். யார் வந்தாங்கன்னு பையன் போன்ல தெரியும். வீட்ல எத்தனை பேரும்மா?"

"ரெண்டு பேர்."

வாய் சொல்லிவிட்டது. நாற்பது வருஷமாக, கணக்கெடுக்க வந்தவனுக்கும் பால்காரனுக்கும் சொல்லிச் சொல்லிப் பழகின வாய். திருத்தியிருக்கலாம். திருத்துவதென்றால், அந்த அந்நிய மனிதரிடம் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். அதற்குத் தெம்பில்லை. அவர் இரண்டு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஒன்றை டீச்சர் வைத்துக்கொண்டார். மற்றதை, படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் தொங்கிய வீட்டுக்காரரின் சட்டைப்பையில் போட்டார். அதையும் யோசித்துச் செய்யவில்லை.

ஐந்து மணிக்கெல்லாம் அலாரத்தைப் போட்டுவிட வேண்டும் என்று மகன் கட்டளை. போடாவிட்டால் அவன் போனில் தெரிந்துவிடும். போட்டார்.

ஆறேகாலுக்குக் கோடியில் பேருந்து நின்றது. உறுமிப் புறப்பட்டது. பிறகு... சமையலறைப் பக்கம் பீப்... பீப்... பீப்...

டீச்சர் கூடத்தில் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. எழுவதற்குள் டிக்... டிக்... டிக்... டிக். நாலு தடவை. பீப் அடங்கிவிட்டது.

போய்ப் பார்த்தார். சமையலறைக் கதவில் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. யாரும் இல்லை. டிங்சரும் புது அட்டைப்பெட்டியும் கலந்த மருந்துக்கடை வாசனை மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

பயந்தாரா என்றால்... இல்லை கண்ணு. பயப்படவும் ஒரு மனது வேண்டுமே. திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார். மறுநாளும் அதே ஆறேகால், அதே நாலு தடவை. அதற்கடுத்த நாளும். ஆறு மணியானால் டிவியின் சத்தத்தைக் குறைத்துவைக்க ஆரம்பித்தார். எதற்கென்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

எட்டாம் நாள் மகன் கூப்பிட்டான். குரலே சரியில்லை.

"தினம் ஆறேகாலுக்கு ரெண்டாவது நம்பர் போட்டு யாரோ உள்ளே வர்றாங்க. யாரும்மா அது? யார்கிட்ட நம்பரைக் குடுத்திருக்கே?"

டீச்சர் படுக்கையறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ தனியா இருக்கேன்னு தெரிஞ்சு எவனோ வர்றான். உனக்குச் சொல்ல பயமா இருக்கு, அப்படித்தானே? நான் டிக்கெட் போடுறேன். இந்த வாரமே வீட்டை முடிச்சிடலாம்."

"போடாதே. அந்த நம்பரை எடுத்துடச் சொல்றேன்."

அலாரக்காரர் வந்து பெட்டியைத் திறந்தார்.

"ரெண்டு பேர்னு சொன்னீங்களேம்மா. ஐயா எங்கே?"

"போயிட்டார்."

"வெளியூருக்கா?"

டீச்சர் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அலாரக்காரர் மேற்கொண்டு கேட்கவில்லை. ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தார். "எடுத்தாச்சு" என்றார். அரை நிமிஷ வேலை.

அன்று மாலை பேருந்து போனது. பீப்... பீப்... டிக் டிக் டிக் டிக். பெட்டி ஒரு நீளமான ஒலி எழுப்பியது. தப்பு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி நாலு தடவை, இந்த முறை நிதானமாக. கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு அழுத்துகிறவர் மாதிரி. தப்பு. மூன்றாம் தடவை ஒவ்வொன்றாக... டிக். டிக். டிக். டிக்.

சைரன் வீட்டைப் பிளந்தது. டீச்சர் நாற்காலியைப் பிடித்து எழுந்தார். போன் அடித்தது.

"தவறுதலா அழுத்திட்டீங்களாம்மா?" என்றாள் கம்பெனிப் பெண்.

"ஆமா."

அது ஒன்று. மறுநாள் இரண்டு. "இன்னொரு தடவை ஆச்சுன்னா உங்க மகனுக்குச் சொல்லிடுவோம்மா, எங்க விதி அப்படி" என்றாள் அந்தப் பெண், கொஞ்சம் வருத்தமாகவே.

மூன்றாம் நாள் டீச்சர் முன்கூட்டியே சமையலறை நடைக்குப் போய் நின்றார், பெட்டிக்கு நாலடி தூரத்தில். பேருந்து போனது. வாசனை வந்தது. டிக் டிக் டிக் டிக். தன் எண்ணை அழுத்திவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தார். கை தூக்கினால் போதும். ஆனால் பெட்டிக்கு முன்னால் ஏற்கெனவே ஆள் நிற்கிற மாதிரி இருந்தது. இடித்துக்கொண்டு அழுத்த முடியுமா? மூன்று தடவையும் முடிந்தது. சைரன். போன்.

"தவறுதலாம்மா? இல்லே, யாராவது உள்ளே வந்திருக்காங்களா?"

தவறு என்றால் மகன் வருவான். வீடு போய்விடும். டீச்சர் போனைக் காதில் வைத்துக்கொண்டு அந்த நடையைப் பார்த்தார்.

"வந்திருக்காங்க."

"தெரிஞ்சவங்களா?"

சைரனுக்கு நடுவிலும் பெட்டியில் விரல் ஓயாமல் அழுத்திக்கொண்டிருந்தது. டிக்... டிக்...

"தெரியாத ஆள்" என்றார் டீச்சர்.

விரல் நின்றுவிட்டது.

பத்து நிமிஷத்தில் கம்பெனிக் காவலர்கள் வந்தார்கள். இரண்டு பேர், நீலச் சட்டை, டார்ச். சைரனை அணைத்தார்கள். கட்டிலுக்கு அடியில், பரண்மேல், குளியலறையில் எல்லாம் பார்த்தார்கள். "யாரும் இல்லேம்மா. சத்தம் கேட்டு ஓடியிருப்பான். இனி வரமாட்டான்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். அது தவறுதல் கணக்கில் சேரவில்லை, மகனுக்குத் தகவலும் போகவில்லை.

மறுநாள் ஆறேகால். பேருந்து நின்றது, போனது. பீப் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஒரு வாரம் ஓடியது. மகன் கூப்பிட்டான்.

"இப்ப நிம்மதியா இருக்கியா?"

"இருக்கேன்."

"அப்ப அங்கேயே இரு."

வீடு அவருக்கே நின்றுவிட்டது. டிவியின் சத்தத்தை மட்டும் அவர் கூட்டவேயில்லை.

ஒரு காலையில் குப்பை வண்டிக்காகக் கேட்டருகே நின்றிருந்தார். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண்ணும் வாளியோடு வந்தாள். அந்தத் தெருவில் அவளுக்கு ஒருவரையும் தெரியாது.

"அன்னிக்கு உங்க வீட்ல திருடன் புகுந்தானாமே டீச்சர். பிடிச்சதை நான் மாடியிலேருந்து பார்த்தேன்."

"பிடிக்கலையே. ஓடிட்டான்."

"இல்லையே. காவல்காரங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டே முன்னால போனாங்க. வயசானவர் ஒருத்தர், சட்டைப்பையில பேனா, தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு அவங்க பின்னாலேயே போனார். திருடன்னா கையைப் பிடிச்சுல்ல கூட்டிட்டுப் போவாங்க, இவரை ஏன் சும்மா விட்டாங்கன்னு நினைச்சேன்."

டீச்சர் வாளியைக் கீழே வைத்தார்.

"காவல்காரங்க கேட்டைத் தொறந்தபடியே விட்டுட்டாங்க" என்றாள் அந்தப் பெண். "அவர்தான் திரும்பி வந்து சாத்தினார். கொக்கியைப் போட்டு, சரியா விழுந்திருக்கான்னு ரெண்டு தடவை ஆட்டிப் பார்த்துட்டு... அப்புறம்தான் போனார்."