எம் பொடவை பார்த்த லைட்டு

—வாசல்லயே நின்னு பொடவையக் குடுத்துட்டு ஓடப் பாக்கறியேக்கா. உள்ள வா. எம் பொடவ பாத்த லைட்ட நான் காதாலயாவது கேக்க வேணாமா?

—அடுப்புல கொழம்பு கொதிக்குது குமாரி. சொல்ல ஆரம்பிச்சா முடியாது, மாதாவே.

—கொதிக்கட்டும். எங்க வூட்டு ஆளு சேதராப்பட்டு கம்பெனியில நைட்டு ஷிப்டு முடிச்சுட்டு கட்டையாட்டம் தூங்குது. அதுக்குத் தெரிஞ்ச லைட்டு கம்பெனி டியூப்லைட்டுதான். பாண்டி பீச்சு ரோடு பூரா லைட்டு திருவிழான்னு வில்லியனூரே பேசுது. என்னிய ஒரு வார்த்த கூப்டல. சொந்தத்துல ரிசப்ஷன்னு சொல்லி மயில்கழுத்துப் பொடவைய மட்டும் வாங்கினு போன பாரு!

—திடீர்னு கெளம்புனோம்டி. இவுரு பைக்குல ரெண்டு பேருக்குத்தான எடம்.

—அது சரி, ரெண்டு பேருக்குத்தான் எடம். அங்க இன்னா பாத்த?

—தரையில கால வச்சா தாமர பூக்குது. கால எடுத்தா மூடிக்குது. எல்லாம் லைட்டு.

—செருப்போடவா மிதிச்ச?

—சேசுவே, பூவப் போயி செருப்போட மிதிப்பனா? கழட்டி ஓரமா வுட்டுட்டுதான் நடந்தேன். பாத்தவங்கல்லாம் சிரிக்கறாங்க.

—சிரிக்காம? அதான் பொடவ ஓரமெல்லாம் கடக்கர மண்ணு. சரி, அந்தச் சுவரு? எதுத்த வூட்டு விருத்தாம்பா அக்கா மவ வந்து சொன்னாளே, மைக்குல பேரு சொன்னா சுவத்துல லைட்டாலயே எழுதுதாமே?

—ம். எழுதுது. மனசுல இருக்கறவங்க பேரச் சொல்லுங்கன்னாங்க.

—நீ சேவியர் அண்ணன் பேரச் சொன்னியா?

—எப்டிடி சொல்லுவேன்? கட்டுன நாள்லேருந்து அவுரு பேர வாயால சொன்னதில்ல. பின்னாடி அம்மாம் பெரிய கூட்டம். "மாதாவே"ன்னு வாயில வந்துடுச்சு. அதையே எழுதிடுச்சு.

—ஐயே! மாதா கோயிலு தேர்த்திருவிழா சீரியல் லைட்டாட்டம் இருந்திருக்கும். சரி, அண்ணன் இன்னா சொல்லுச்சு? இன்னாக்கா, தலையக் குனிஞ்சுக்கற? வெக்கத்தப் பாரு! உன்ன "இந்தா"ன்னே கூப்டுற மனுசன் மைக்குல உம் பேரச் சொல்லிடுச்சா?

—வுடுடி.

—சகாயராணி! அவ்ளோ நீட்டு பேருக்கு சுவரு பத்துச்சா? இன்னா கலருல வந்துச்சு? எம் பேர எங்க வூட்டு ஆளு சொல்றது ரேஷன் கடையில மட்டுந்தான். அதுவும் அட்டையப் பாத்து.

—வயிறு எரியுதாடி?

—எரியாம? உங்க பைக்கு சத்தம் கேட்டதுலேருந்து பொரண்டு பொரண்டு படுத்தேன். எம் பொடவ பாத்துட்டு வந்துடுச்சு, நான் பாக்கல.

—நான் ஒன்னு கேக்கறேன், நெசத்த சொல்லு. இவுரு உன்ன இன்னான்னு கூப்புடுவாரு?

—அண்ணனா? நிமுந்து பாத்தாத்தான கூப்புடறதுக்கு! "பக்கத்து வூட்டம்மா, மோட்டார நிறுத்து"ம்பாரு, அதோட சரி. எம் பேரே தெரியாது. போன மாசம் சிலிண்டரு ஆளு "செல்வகுமாரி வூடு எது"ன்னு கேட்டதுக்கு, அப்டி யாரும் இந்தத் தெருவுலயே இல்லன்னு திருப்பி அனுப்பிச்ச மனுசனாச்சே! வெறகு ஊதி ஊதி கண்ணே போச்சு எனக்கு. ஏன் கேக்கற?

—சும்மாதான்.

—சும்மா கேக்கற மூஞ்சா இது? கண்ணெல்லாம் செவந்து கெடக்குது. நானாச்சும் வெறகு ஊதினேன், நீ இன்னாத்த ஊதின?

—பொடவைய மடிச்சு உள்ள வையி. இனிமே எனக்குக் குடுக்காத. நீயும் கட்டாத.

—எம் பொடவைய நான் ஏன்க்கா கட்டக் கூடாது?

—மைக்கு முன்னாடி போயி நின்னாரு. திரும்பி என்னியப் பாத்தாரு. இல்ல, பொடவையத்தான் பாத்தாரு. அப்பறம் மெதுவா சொன்னாரு. பீச்சே பாக்க, பனமரத்து ஒசரத்துக்கு எழுதுச்சுடி, செல்வகுமாரின்னு.

—இன்னா கலருல வந்துச்சுக்கா?