தேநீர் ஆறும் வரை

எனக்குத் தேநீர் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடாகக் குடித்தால் நாக்கு பொத்துப்போகும். நீங்கள் கொடுத்ததையும் அதனால்தான் இன்னும் தொடவில்லை, தப்பாக நினைக்காதீர்கள்.

சிறுநீரகம் பழுதானவர்களின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் பிரிவுக்குப் போகும் தண்ணீரைச் சோதிப்பது என் வேலை. மெல்லிய வடிதாளில் வடிகட்டி, அதன்மேல் சாயம் விட்டு, நுண்ணோக்கியில் நீல வெளிச்சத்தைத் திறந்தால் கிருமிகள் பச்சைப் புள்ளிகளாக ஒளிரும். எண்ண வேண்டியதுதான். ஆனால் உடனே எண்ண வேண்டும். வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் சாயம் வெளுத்துவிடும். கிருமி அங்கேயேதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

புள்ளிகள் அதிகமானால் குழாய்களையெல்லாம் கழுவ வேண்டும். மேலாளர், "உன் கண்ணுக்கு மட்டும் எங்கேருந்துய்யா இவ்வளவு கிருமி கிடைக்குது?" என்பார். கழுவி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து சோதனை. வருடக்கணக்கில் இதே பாடு. அலுத்துப்போயிற்று ஐயா. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

அதனால் வெளிச்சத்தைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குத் தேநீர் குடிக்கப் போவேன். ஆறும் வரை காத்திருப்பேன். திரும்பி வந்தால் புள்ளிகள் குறைந்திருக்கும். தெரிந்ததை எண்ணி எழுதுவேன்.

நோயாளிகளுக்குக் குளிர்நடுக்கம் வந்தபோது நர்ஸம்மா கேட்டார், "தண்ணி சரியா இருக்குதானே?"

"எண்ணிப் பாத்துட்டேன் சிஸ்டர்" என்றேன். எண்ணித்தான் பார்த்திருந்தேன்.

பிறகு அக்காவுக்கும் சிறுநீரகம் கெட்டது. என்னைத் தூக்கி வளர்த்தவள். அவள் முதன்முதலாக அங்கே வரவிருந்த காலையில், ஊற்றிய தேநீரை அப்படியே விட்டுவிட்டு உடனே எண்ண உட்கார்ந்தேன். நுண்ணோக்கியில் தெரிந்த வட்டம் முழுக்கப் பச்சை. அவளை போனில் கூப்பிட்டேன்.

"இன்னிக்கு வராதேக்கா. மெஷின் ரிப்பேரு."

"கால் வீங்கிக் கிடக்குடா. நாளைக்காவது ஆகுமா?"

"நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

வெளியே மற்ற நோயாளிகள் வரிசையாக நாற்காலிகளில் சாய்ந்திருந்தார்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவரும், என்னை எப்போது பார்த்தாலும் சாப்பிட்டாயா என்று கேட்கும் தையல்காரம்மாவும் இருந்தார்கள். செத்துப்போனது அவர்கள் இரண்டு பேரும்தான்.

அந்தச் சாவுகளைப் பற்றித்தானே விசாரிக்கிறீர்கள்? போனை வைத்தபோது தேநீர் ஆறியிருந்தது. வெளிச்சத்தை நான் மூடவில்லை. பொறுமையாகக் குடித்து முடித்துவிட்டு, முறைப்படி இன்னொரு தடவை எண்ணினேன். ஏழெட்டுப் புள்ளிகள்தான். அதைத்தான் எழுதினேன். பொய்யாக ஓர் எண்ணை நான் எழுதியதே இல்லை.