வெந்நீரில் வந்த குமிழிகள்

என் பெயர், தகப்பனார் பெயர், முகவரி ஆகியவை தனித்தாளில் எழுதி வாங்கப்பட்டுள்ளன. வயது நாற்பத்தேழு. தொழில் டீசல் லாரி மெக்கானிக். சொந்தமாகப் பட்டறை வைத்து நடத்தி வருகிறேன். பட்டறையின் பின்கதவைத் திறந்தால் என் வீட்டுச் சமையலறை. என்னை யாரும் கூப்பிடவில்லை, யாரும் வற்புறுத்தவும் இல்லை. நானாகவே போலீஸ் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

வெந்த காயங்களுடன் ஆஸ்பத்திரியில் இருக்கும் லாரி டிரைவர் என் மனைவியின் தம்பி. அவன் என்னை மாமா என்பான், நான் அவனை மாப்ளே என்பேன். பட்டறையில் அவனுக்கு ‘மோப்பம்’ என்று பெயர். வைத்தவன் நான். பெல்ட் தேய்கிறது, டீசல் கசிகிறது, பிரேக் கருகுகிறது என்று எதையும் வாசனையை வைத்தே சொல்லுவான். பெரும்பாலும் சரியாக இருக்கும். அதுதான் எனக்குப் பொறுக்காது. இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று எழுதும் ஐயா கேட்டார். வினையே அந்தப் பெயரில்தான் ஆரம்பம், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

அவன் ஓட்டிய லாரியின் முதலாளி கொடுத்த புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. டிரைவர், என்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட் தண்ணீரின் அளவைப் பார்க்காமல் வண்டி ஓட்டி என்ஜினைக் கெடுத்தார் என்றும், பிறகு போனில் பேசிக்கொண்டே கொதிக்கும் கூலன்ட் டேங்க்கின் மூடியைத் திறந்து தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டார் என்றும், அவருடைய லைசென்ஸை ரத்து செய்ய வேண்டும் என்றும் அதில் கண்டிருக்கிறது. வண்டியில் கோளாறு எதுவும் இல்லை என்று மெக்கானிக்கே சொன்னதாகவும் எழுதியிருக்கிறார். அந்த மெக்கானிக் நான்தான். அப்படிச் சொன்னதும் உண்மை. சொன்ன விஷயம்தான் பொய்யாகிப் போனது.

சம்பவத்துக்குச் சில வாரங்களுக்கு முன் என் மைத்துனன் மேற்படி லாரியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து, கூலன்ட் குறைந்துகொண்டே இருக்கிறது என்றான். நான் ரப்பர் குழாய்கள், ரேடியேட்டர், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் பார்த்தேன். எங்கும் ஈரம் இல்லை. ஆயில் அளவுகோலை உருவிப் பார்த்தேன், ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை. அதன் பிறகு டேங்க்கை நிரப்பி அனுப்பிவிட்டேன். சில நாளில் திரும்பி வந்தான். மூன்றாம் முறை வண்டியைப் பட்டறையில் விட்டுப் போய், மறுநாள் வந்தான். அன்று பட்டறையில் வேறு டிரைவர்களும் இருந்தார்கள்.

“மாமா, கீழயும் ஒழுகல, ஆயில்லயும் கலக்கல. பின்ன எங்கதான் போகுது? காலைல ஸ்டார்ட் பண்ணா வெள்ளையா புகை வருது. புகையில இனிப்பா ஒரு வாசனை” என்றான்.

“இனிப்பா இருந்தா ஒரு டம்ளர்ல புடிச்சுக் குடி மாப்ளே” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவன் சிரித்ததுதான் இப்போது எனக்கு நினைவில் நிற்கிறது.

அதன் பிறகு கைப்பம்பை டேங்க்கில் மாட்டிக் காற்றழுத்தம் கொடுத்துச் சோதித்தேன். முள் ஏறிய இடத்திலேயே நின்றது, இறங்கவில்லை, அதாவது கசிவு இல்லை. ஆனால் அந்த லாரி முந்தின நாளிலிருந்தே என் பட்டறையில் நின்றுகொண்டிருந்தது. என்ஜின் ஜில்லென்று இருந்தது. ஓட்டிச் சூடாக்கி, அதன் பிறகு இன்னொரு தடவை சோதித்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாத பாடம் இல்லை. தெரிந்தும் செய்யவில்லை.

ஐயா கேட்டதால் விளக்குகிறேன். இந்த மாதிரி வண்டிகளில் என்ஜின் வெளியே தள்ளும் புகையில் ஒரு பங்கைத் திரும்ப என்ஜினுக்குள்ளேயே அனுப்புவார்கள். அதற்கு முன் அந்தப் புகையின் சூட்டைத் தணிக்க ஒரு கூலர் உண்டு. இரும்புப் பெட்டிக்குள் ஒரு பக்கம் புகை போகும், மறுபக்கம் கூலன்ட் ஓடும், நடுவில் மெல்லிய தகடு. அந்தத் தகட்டில் விரிசல் விட்டால் வண்டி ஓடும்போது புகை கூலன்ட்டுக்குள் புகுந்து குமிழி விடும். வண்டி நின்ற பிறகு கூலன்ட் புகைப் பக்கம் கசியும். மறுநாள் காலையில் அது ஆவியாகி வெள்ளைப் புகையாகப் போய்விடும். தரையில் ஒரு சொட்டு இருக்காது. விரிசல் மெல்லியது என்றால் சூட்டில்தான் வாய் திறக்கும், ஆறினால் மூடிக்கொள்ளும்.

இது எனக்கு அன்றே தோன்றியது. ஆனால் அந்தக் கூலர் என்ஜினின் ஓரத்தில், கை நுழையாத இடத்தில் இருக்கிறது. கழற்றி மாட்ட ஒரு பகல் வேலை. முதலாளியோ வண்டி எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதோடு, மோப்பம் சொல்லி நான் கழற்றினேன் என்று நாலு பேர் பேசுவார்களே என்கிற நினைப்பும் இருந்தது. சோம்பல் பாதி, வீம்பு பாதி.

அந்த நேரம் முதலாளி போன் செய்தார். “என்னய்யா, வண்டியில நெசமாவே ஏதாவது இருக்கா, இல்ல உன் மச்சினன் சும்மா கதை விடுறானா?” என்று கேட்டார்.

“வண்டி சுத்தமா இருக்குங்க. ஓட்டுறவனுக்குத்தான் சந்தேகம் ஜாஸ்தி” என்று சொன்னேன். அவன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.

போனை வைத்ததும் அவன் விடவில்லை. “மாமா, மேடு ஏறி நிறுத்தினா டேங்க்குல குமிழி வருது. நான் பாத்தேன்” என்றான். அந்த டேங்க் பழசாகி மஞ்சள் பூத்துப்போனது, உள்ளே இருப்பது வெளியே சரியாகத் தெரியாது. அதற்கு நான், “கனவுல பாத்தியா? மேடு ஏறினதும் மூடியத் திறந்து போன்ல படம் புடிச்சுட்டு வா. அப்ப நம்பறேன்” என்று சொன்னேன். கேலியாகத்தான் சொன்னேன். சூட்டில் மூடியைத் திறக்கக் கூடாது என்பது கிளீனருக்கும் தெரியும். ஆனால் அவன் என் கேலியைத் தட்டினாலும் தட்டுவான், என் சொல்லைத் தட்டமாட்டான். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நான் வாயைத் திறந்தேன், கெட்டது அவன்.

சம்பவத்தன்று பகலில் அவன் லோடுடன் மேடு ஏறியிருக்கிறான். சூட்டு முள் சிவப்பைத் தொட்டதும் ஓரம் கட்டி என்ஜினை அணைத்திருக்கிறான். அதன் பிறகு மூடியைத் திறந்திருக்கிறான். மற்ற நாளாக இருந்தால் ஆறும் வரை நிழலில் உட்கார்ந்திருப்பான். ஆறிவிட்டால் குமிழி நின்றுவிடும், மாமாவிடம் காட்ட ஒன்றும் இருக்காது. மூடியைத் திறக்க இரண்டு கையும் வேண்டும், ஒரு கை துணியோடு அமுக்கிப் பிடிக்க, ஒரு கை திருக. அவன் ஒரு கையில் போனைப் பிடித்திருந்தான். ஆனால் புகாரில் கண்டபடி அவன் யாருடனும் பேசிக்கொண்டிருக்கவில்லை. எனக்காகப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். கொதிநீர் இரண்டு கையிலும் கழுத்திலும் ஒரு கன்னத்திலும் அடித்திருக்கிறது. போன் கீழே விழுந்து சிதறிவிட்டது. அதில் படம் எதுவும் மிஞ்சவில்லை என்று ஐயா சொன்னார். அதனால்தான் என் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதன் பிறகு மேற்படி லாரியை முதலாளி என் பட்டறைக்கே இழுத்து வந்து விட்டார். அன்று நான் அந்தக் கூலரைக் கழற்றினேன். புகை போகும் பக்கம் காய்ந்த கரியாக இருக்க வேண்டும். அங்கே கழுவிவிட்டது போல ஈரம், ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. இருந்தும் மனம் ஒப்பவில்லை. கூலன்ட் பக்கத்து வாயை அடைத்து, காற்றுக் குழாயை மாட்டி, தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்த ஒரு மூச்சை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

என் மனைவி பின்கதவில் நின்றிருந்தது அப்போதுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புடவையை அவள் இன்னும் மாற்றவில்லை. “ஏங்க, வண்டி ஓடும்போதும் அது இப்படி ஜில்லுனுதான் இருக்குமா?” என்று கேட்டாள். அவள் உள்ளே போய் அண்டாவில் தண்ணீர் கொதிக்கவைத்துத் தூக்கிவந்து தொட்டியில் கொட்டினாள். தூக்க நான் கை கொடுத்தேன், அவள் வாங்கிக்கொள்ளவில்லை. இரும்பு சூடேறும் வரை இருவரும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அதன் பிறகு குமிழி வந்தது. முதலில் ஒன்றிரண்டு, பிறகு வரிசையாக.

“தம்பி சொன்னது இதுதானா?” என்று கேட்டாள்.

இதுதான் என்றேன். அதன் பிறகு, படம் எடுத்து வரச் சொன்னவன் நான் என்பதையும் சொன்னேன். அதுவரை அது எனக்கும் அவனுக்கும், சிரித்துவிட்டு மறந்துபோனவர்களுக்கும் மட்டும்தான் தெரியும்.

“நீங்க சொன்னா அவன் செய்வான்னு உங்களுக்குத் தெரியாதா?” என்றாள். அதற்கு மேல் அவள் எதுவும் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை.

அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவனுக்கு முகத்தில் கட்டு, மூக்கும் ஒரு கண்ணும் வாயும் மட்டும் வெளியே தெரிந்தன. குமிழி வந்ததைச் சொன்னேன். “மோப்பம் தப்பல பாத்தீங்களா மாமா” என்றான். சிரிக்கப் பார்த்தான், வலித்ததோ என்னவோ, நிறுத்திக்கொண்டான். பிறகு, “யாரும் சொல்லல, நானாதான் திறந்தேன்னு போலீஸ்ல சொல்லிட்டேன். நீங்களும் அப்படியே விட்டுடுங்க. பட்டறை போயிட்டா அக்கா என்ன பண்ணுவா?” என்றான். நான் அங்கேயே அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்தார்கள்.

லைசென்ஸ் போனால் அவனுக்கு வேறு தொழில் கிடையாது. அவன் கொடுத்த வாக்குமூலத்தில் யாரும் சொல்லவில்லை என்று இருப்பது சரியல்ல. சொன்னவன் நான். வண்டியில் கோளாறு உண்டு. அதைக் கண்டு மூன்று தடவை சொன்னவன் அவன், மூன்று தடவையும் கேட்காதவன் நான். இதைச் சொன்னால் முதலாளியின் வண்டிகள் இனி என் பட்டறைக்கு வரமாட்டா என்பதும், என் மேலேயே வழக்கு வரலாம் என்பதும் எனக்குத் தெரியும். கழற்றிய கூலரைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து ஐயாவின் மேசை மேல் வைத்திருக்கிறேன். சந்தேகம் இருந்தால் வெந்நீர் வைத்துப் பார்க்கலாம், பச்சைத் தண்ணீரில் பார்க்க வேண்டாம்.

என் மைத்துனனின் வாக்குமூலத்தை ஐயா காட்டினார். அதன் அடியில் கையெழுத்தும் இல்லை, கைநாட்டும் இல்லை. இரண்டு கையிலும் கட்டு இருப்பதால் வாங்க இயலவில்லை என்று எழுதியிருக்கிறது. எனக்கு இரண்டு கையும் நன்றாக இருக்கின்றன. மேலே எழுதியதை ஐயா எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எல்லாம் உண்மை என்று ஒப்புக்கொண்டு என் கையால் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)