அஞ்சலி பேனரை வெட்டியது

என் பெயர் ரெபேக்கா, வயது 38, கணவர் பெயர் எபினேசர். பொள்ளாச்சி வட்டத்தில் எங்கள் பேரூராட்சி சர்ச் வீதியில் குடியிருந்து வருகிறேன். பேரூராட்சியின் வளம் மீட்புப் பூங்காவில் தினக்கூலியாகத் தையல் வேலை செய்கிறேன். பேரூராட்சி ஆபீசில் கழித்துப்போடும் நாற்காலி, தெருவிளக்குக் குழாய், ரோட்டில் அவிழ்த்த பிளக்ஸ் பேனர் எல்லாவற்றையும் முன்பு குப்பைமேட்டில் எரித்துவிடுவார்கள். இப்போது எங்களிடம் வருகின்றன. பேனரை வெட்டி, நாற்றங்கால் செடிகளுக்குப் பை தைப்பது என் வேலை. ஆள் முகம் உள்ள துண்டுகளை, முகம் உள்பக்கம் போகும்படி திருப்பித் தைத்துவிடுவேன். டிராக்டர் ஓட்டும் இஸ்மத் என்னுடன் வேலை பார்த்தார். என்னை அக்கா என்று கூப்பிடுவார்.

நேற்றுக் காலை இஸ்மத் பஸ் ஸ்டாண்டில் அவிழ்த்த பேனர்களைக் கொண்டுவந்து இறக்கினார். அதில் பைக் விபத்தில் இறந்துபோன ஹர்ஷா என்ற பையனின் கண்ணீர் அஞ்சலி பேனரும் இருந்தது. அனுமதித்த நாள் முடிந்துவிட்டதால் ஆபீசில் கழற்றச் சொன்னதாக இஸ்மத் கூறினார். நான் அதை வெட்டினேன். முகத்தை விட்டுவிட்டு வெட்டப் பார்த்தேன், பேனர் முழுக்க முகமாகவே இருந்தது.

அதன் பிறகு, இன்னும் தைக்க ஆரம்பிக்காத நேரத்தில், பையனின் அப்பா திருமலைசாமி காரில் வந்து இறங்கினார். அவரை எனக்கு முன்பின் தெரியாது. மரியாதையாகத்தான் பேசினார்.

"ஏனுங்க அம்மணி, எம் பையன் பேனர் இங்க வந்துருக்குதுன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. குடுத்தீங்கன்னா ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயிருவேன்" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் தரையில் கிடந்த துண்டுகளைப் பார்த்துவிட்டார். குனிந்து ஒரு துண்டை எடுத்தார். அதில் ஒரு கண்ணும் காதும் இருந்தன. யார் வெட்டியது என்று கேட்டார். கத்தரி என் கையில்தான் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. நான் வாயைத் திறக்கும் முன் இஸ்மத் எனக்கு முன்னால் வந்து நின்று, "நாந்தானுங்க, தெரியாம வெட்டிப்போட்டனுங்க" என்றார்.

உடனே திருமலைசாமி அங்கு அடுக்கியிருந்த தெருவிளக்குக் குழாய்களில் ஒன்றை உருவி இஸ்மத்தின் தலையில் அடித்தார். இஸ்மத் அப்படியே பேனர்கள் மேலேயே உட்கார்ந்தார். அதன் பிறகு அதே இடத்தில் இன்னொரு அடி விழுந்தது. காதிலிருந்து ரத்தம் வந்தது. மூன்றாவது அடிக்குக் கையை ஓங்கியபோது நான் கத்தரியால் அவர் முழங்கையில் குத்தினேன். குழாய் கீழே விழுந்தது.

அதன் பிறகு அவர் என்னை ஒன்றும் செய்யவில்லை. குத்துப்பட்ட கையோடு இஸ்மத்தின் காலைப் பிடித்துத் தூக்கினார், நான் தோளைப் பிடித்தேன். அவர் காரிலேயே பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில், "கண்ணு, முழிச்சுக்க, கண்ணு" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். அது இஸ்மத்துக்குச் சொன்னதா, மகனுக்குச் சொன்னதா என்று எனக்குத் தெரியாது.

பிறகு ஆம்புலன்சில் கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சாயங்காலம் இஸ்மத் இறந்துவிட்டார். போலீசார் வரும்வரை திருமலைசாமி அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

இஸ்மத்தின் மனைவி உம்மல் குல்சும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு எதுக்குங்கக்கா அதைப் போயி வெட்டுனாரு?" என்று கேட்டார். நான் அப்போது பதில் சொல்லவில்லை. அவர் வெட்டவில்லை, நான்தான் வெட்டினேன் என்று இப்போது இங்கே சொல்கிறேன். உம்மல் குல்சுமிடமும் சொல்வேன்.

யாரும் சொல்லிக்கொடுத்தோ மிரட்டியோ நான் இதைச் சொல்லவில்லை. நடந்தது இவ்வளவுதான். எழுதியதை எஸ்.ஐ. அம்மா படித்துக்காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது.

(ஒப்பம்) எ. ரெபேக்கா